ஜெர்மனியில் இருந்தபோது

எங்கள் தெருவைப் பொறுத்தவரை நான் 2023 செப்டம்பரிலிருந்து 2024 அக்டோபர் வரை ஜெர்மனியில் இருந்தேன். அம்மா அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். முப்பத்து நாலு வயசு, கல்யாணம் ஆகாத பெண், ஒன்பது வருஷம் பார்த்த ஐடி வேலையை விட்டுவிட்டு முதுகில் ஒரு பையோடு ஊர் ஊராகத் திரிகிறாள் என்று திருநெல்வேலியில் ஒரு அம்மா எதிர்வீட்டில் போய் எப்படிச் சொல்வாள்? "கம்பெனில ஆன்சைட் அனுப்பியிருக்காவ" என்றால் முடிந்தது, அதற்கு மேல் யாரும் குடைவதில்லை. எந்த நாடு என்று எதிர்வீட்டு அத்தை கேட்டபோது அம்மாவின் வாயில் சட்டென்று வந்தது ஜெர்மனி. தம்பியின் சிநேகிதன் யாரோ அங்கே இருக்கிறான், அந்த ஞாபகம். அந்தப் பதினாலு மாதமும் நான் இந்தியாவை விட்டு ஓரடி வெளியே வைக்கவில்லை. என் பாஸ்போர்ட் அம்மாவின் பீரோவில் அடித்தட்டில் கிடந்தது.

இப்போது இதை எழுதக் காரணம் புது ஆபீஸில் என் பக்கத்து சீட்டுப் பெண். டிபன் பாக்ஸைத் திறக்கும் முன்னாலேயே "அக்கா, நானும் பேப்பர் போட்டு வேலைய விட்டுடலாம்னு இருக்கேன், நீங்க எப்படிக்கா பண்ணீங்க?" என்று ஆரம்பித்துவிடுகிறாள். நாளைக்கு ஒரு துண்டாகச் சொல்லிச் சொல்லி எது முன்னே எது பின்னே என்று எனக்கே குழம்பிவிட்டது. அதனால் மொத்தமாகச் சொல்லிவிடலாம்.

என்னிடம் ஞானோதயக் கதை எதுவும் கிடையாது. புரொடக்‌ஷன் சப்போர்ட் வேலை, ஓடிக்கொண்டிருக்கிற சாஃப்ட்வேர் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது. மாதத்தில் ஒரு வாரம் ஆன்-கால். ராத்திரி இரண்டே முக்காலுக்கு போன் அடிக்கும், எங்கேயோ ஒரு ஜாப் ஃபெயில் ஆகியிருக்கும், எழுந்து லாக் பார்த்து, திரும்ப ஓடவிட்டு, மெயில் தட்டிவிட்டுப் படுத்தால் தூக்கம் போயிருக்கும். அதுகூடப் பழகிவிட்டது. உறுத்தியது வேறு ஒரு கணக்கு. சோழிங்கநல்லூரில் ஆறு வருஷம் இருந்தேன், அங்கிருந்து அக்கரை கடற்கரை சும்மா ஆட்டோவில் போகிற தூரம், அந்த ஆறு வருஷத்தில் நான் கடலைப் பார்த்தது மூன்று தடவை, அதில் ஒன்று டீம் அவுட்டிங். இதை ஒரு நாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. அழுகை வந்திருந்தால் ஒருவேளை வேலையில் இருந்திருப்பேனோ என்னவோ, அழுது முடித்தால் கொஞ்சம் லேசாகிவிடுமே.

மேனேஜர் முதலில் கேட்டது "எந்த கம்பெனி?", அடுத்தது "எவ்வளவு ஹைக்?". இரண்டும் இல்லை என்றதும் கல்யாணமா என்றார். அதுவும் இல்லை என்றதும் பாவம், ஃபார்மில் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தொண்ணூறு நாள் நோட்டீஸ். வேலையை விடுவது எவ்வளவு பெரிய வேலை என்று அந்த 90 நாளில்தான் தெரிந்துகொண்டேன்.

இந்த இடத்தில் பக்கத்து சீட்டுப் பெண் கவனிக்க வேண்டும். ஐந்து வருஷம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை உண்டு, நான் விட்டபோது இருந்த கணக்குப்படி கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, அதை எத்தனை வருஷமோ அத்தனையால் பெருக்கினால் வருகிற தொகை, போட்டுப் பார்த்தால் கொஞ்சம் தெம்பு வரும். பிஎஃப் பணத்தை நான் தொடவில்லை. இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்தால் முழுதாக எடுக்கலாம் என்று அப்போது விதி இருந்தது, எடுத்தால் செலவழித்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும், அதனால் அந்தப் பக்கமே போகவில்லை. நான் கோட்டை விட இருந்தது மருத்துவக் காப்பீடு. கம்பெனி கொடுத்த குரூப் பாலிசி கடைசி வேலை நாளோடு சரி, அதில் அம்மா பெயரும் இருந்தது. தனியாக எடுக்கிற பாலிசிக்கு முதல் 30 நாள் காத்திருப்பு, விபத்துக்கு மட்டும்தான் பணம் கிடைக்கும், ஏற்கெனவே சர்க்கரை, பிரஷர் என்றால் அதற்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே நோட்டீஸ் கொடுக்கிற அன்றைக்கே பாலிசியும் எடுத்துவிட வேண்டும். இதை எனக்குச் சொன்னது எங்கள் ஹெச்ஆர் கிடையாது, மாடியில் குடியிருந்த எல்ஐசி ஏஜெண்ட் மாமா.

செப்டம்பர் 2ஆம் தேதி சென்ட்ரலில் ரயில் ஏறினேன். கையில் ஒரு எக்செல் ஷீட். சிரிக்காதீர்கள், ஒன்பது வருஷப் பழக்கம். ஊர், எத்தனை ராத்திரி, ரூம் வாடகை, பார்க்க வேண்டியது, பச்சை சிவப்பு மஞ்சள் வண்ணம் எல்லாம் போட்டு வைத்திருந்தேன். விசாகப்பட்டினம், புவனேஸ்வர், பூரி, கொல்கத்தா என்று முதல் மாதம் முழுக்க அந்த ஷீட்டை முடித்துக் கொடுக்கிற வேலையைத்தான் பார்த்தேன். கோனார்க் சூரியக் கோவிலின் சக்கரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று போனை நோண்டிக்கொண்டிருந்தேன். டெட்லைன் வைக்க ஆள் இல்லாமல் போனதும் நானே எனக்கு மேனேஜராகிவிட்டேன், அதுவும் கொஞ்சம் மோசமான மேனேஜர்.

அக்டோபர் 4 காலையில் சிலிகுரியில் இருந்தேன். ஷீட்டில் அன்றைக்கு "காங்டாக், 4 ராத்திரி" என்று பச்சையில் இருந்தது. லாட்ஜ் வரவேற்பில் டிவியைச் சுற்றிக் கூட்டம். முந்தின ராத்திரி சிக்கிமில் மலை உச்சியில் இருக்கிற தெற்கு லோநாக் பனிப்பாறை ஏரி உடைத்துக்கொண்டு தீஸ்தாவில் வெள்ளம், சுங்தாங் அணையையே அடித்துக்கொண்டு போய்விட்டது, காங்டாக் போகிற தேசிய நெடுஞ்சாலை பல இடங்களில் ஆற்றோடு போய்விட்டது. எத்தனையோ பேர் செத்துக் கிடக்கிற நேரத்தில் என் மனசில் முதலில் ஓடியது, கட்டிய அட்வான்ஸ் திரும்ப வருமா என்பது. அதை நினைத்து வெட்கப்பட மத்தியானம் வரை ஆனது. சாயந்திரம் அந்த ஷீட்டை அழித்தேன். அப்புறம் ரீசைக்கிள் பின்னில் போய் அங்கேயும் அழித்தேன், என்னை எனக்குத் தெரியும்.

நியூ ஜல்பாய்குரியிலிருந்து குவஹாத்தி, அங்கிருந்து ஜோர்ஹாட், ஜோர்ஹாட்டில் நிமாதி காட் என்கிற படகுத்துறை. அங்கே பிரம்மபுத்ராவை முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு ஆறு எது கடல் எது என்று தெரியாது, தாமிரபரணியைப் பார்த்து வளர்ந்த எனக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. படகின் மேல்தட்டில் கார், பைக், ஆடு, அரிசி மூட்டை எல்லாம் ஏற்றி, எது எது எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு பையன் இம்மி பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் மாஜுலி. ஆற்றுக்கு நடுவே ஒரு தீவு, அதுவே ஒரு மாவட்டம். நூறு வருஷத்துக்கு முன்னால் இருந்த அளவில் பாதிகூட இப்போது இல்லை, வருஷா வருஷம் ஆறு கரையைத் தின்றுகொண்டே இருக்கிறது. மூன்று நாள் இருக்கலாம் என்று போனவள் அஞ்சு வாரம் இருந்தேன்.

அஞ்சு வாரமும் என்ன செய்தாய் என்று கேட்டால் சொல்லும்படியாக எதுவும் இல்லை. மிசிங் என்கிற பழங்குடி மக்களின் வீட்டில் தங்கினேன், மூங்கில் கால்கள் மேல் தூக்கிக் கட்டிய வீடு, தரையும் மூங்கில் பட்டைதான், நடந்தால் லேசாக அமுங்கும். ராத்திரி கீழே பன்றிகள் உறுமும். முதல் வாரம் தூங்கவில்லை, மூன்றாவது வாரம் சத்தம் இல்லாவிட்டால் எழுந்து பார்த்தேன். வீட்டு அம்மா தறியில் உட்கார்ந்தால் நான் பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றிக் கொடுப்பேன். அவருக்கு இந்தி அரைகுறை, எனக்கு அதிலும் அரை. சாமாகுரி சத்ரா என்கிற வைணவ மடத்தில் முகமூடி செய்கிறவர்களிடம் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூங்கிலைக் கீற்றாக்கி மூஞ்சி வடிவத்தில் பின்னி, துணியைக் களிமண்ணில் முக்கி மேலே ஒட்டி, களிமண்ணோடு சாணி கலந்து மூக்கும் புருவமும் பிடித்து வைப்பார்கள். ராவணனுக்கு ஒரு தலை செய்து முடித்து வெயிலில் வைத்திருந்தார்கள், ஒன்பது பாக்கி. அது தயாராகிறதா என்று பார்க்கிற சாக்கில்தான் நான் அங்கே இருந்தேன் என்று நினைக்கிறேன். நவம்பர் கடைசியில் கார்த்திகைப் பௌர்ணமி ராஸ் விழா, தீவு முழுக்க விடிய விடியக் கூத்து. நம் ஊர்க் கோவில் கொடையில் பாயை விரித்துப் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பெரியவர்கள் கணியான் கூத்து பார்ப்பார்களே, அதே மாதிரி, அதே குளிர், அதே கடலை வாசனை.

நீண்ட பயணம் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது முக்கால்வாசி துணி துவைப்பது. இரண்டு செட் துணி, ஒரு நைலான் கயிறு, ஒரு துண்டு சோப்பு. புது ரூமில் நுழைந்ததும் நான் ஜன்னலைப் பார்க்க மாட்டேன், கயிறு கட்ட ஆணி இருக்கிறதா என்று பார்ப்பேன். அப்புறம் ரூம் தேடுவது. பெண் தனியாக வந்தால் ரூம் கிடையாது என்று சொல்கிற லாட்ஜ்கள் இன்னும் இருக்கின்றன. உத்தரப் பிரதேசத்தில் ஒரு ஊரில் ராத்திரி ஒன்பது மணிக்கு, காலியான சாவிகள் வரிசையாகத் தொங்குகிற பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு ரூம் இல்லை என்றார் ஒருவர். அன்றைக்கு ஸ்டேஷனில் பெண்கள் காத்திருப்பு அறையில்தான் படுத்தேன், பக்கத்தில் ஒரு பாட்டி தன் போர்வையில் பாதியைத் தள்ளிவிட்டார். மீதி நேரம் டிக்கெட். ஆர்ஏசியில் சைடு லோயரை இன்னொரு ஆளோடு பங்கு போட்டு உட்கார்ந்துகொண்டே விடிய விடிய வருவதைப் பற்றி யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

சரி, சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

டிசம்பர் நடுவில் மேகாலயாவில் இருந்தேன். சிரபுஞ்சிக்குப் பக்கத்தில் டைர்னா என்ற ஊரிலிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் நோங்ரியாட். ரப்பர் மரத்தின் வேர்களை ஆற்றுக்குக் குறுக்கே வளரவிட்டு, பின்னி, தலைமுறை தலைமுறையாகச் செய்த பாலம் அங்கே இரண்டு அடுக்காக இருக்கிறது. கீழே போன் சிக்னல் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எனக்கு மூன்று நாள் இல்லை. நான் அதை ரொம்ப ரசித்தேன். நீலமான தண்ணீரில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டு, போன் செத்தது எவ்வளவு நிம்மதி என்று நோட்டில் எழுதிக்கூட வைத்தேன், அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

19ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மூச்சு வாங்க மேலே ஏறி வந்து, டைர்னாவில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தேன், போன் அடிக்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நான் உட்கார்ந்திருந்தது உலகத்திலேயே அதிகம் மழை பெய்கிற மலையில், அங்கே அன்றைக்குப் பொட்டு மேகம் இல்லை. தாமிரபரணி கரை மீறி, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட் மூழ்கி, ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நடுவில் நிற்கிறது. எங்கள் வீடு ஜங்ஷன் பக்கம்தான், ஆற்றுக்கு நடந்து போகிற தூரம். அம்மா போன் ஸ்விட்ச் ஆஃப். தம்பி கோயம்புத்தூரிலிருந்து பொண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு கிளம்பி, கோவில்பட்டி வரை வந்து மேலே போக வழியில்லாமல் நிற்கிறான். அவன் கடைசியாக அனுப்பியிருந்தது ஒரு வரி: "அக்கா நீ எங்க இருக்க". கேள்விக்குறிகூட இல்லை.

மறுநாள் அம்மாவின் குரல் கேட்டது, தம்பி போனில். வீட்டுக்குள் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். எதிர்வீட்டு அத்தை நேரத்தோடு வந்து அம்மாவை இழுத்துக்கொண்டு போய் அவர்கள் மாடியில் வைத்திருக்கிறார். இரண்டு ராத்திரி, கரண்ட் இல்லை, மூன்று வீட்டு ஆட்கள் பதினோரு பேர், ஒரே ஒரு சிலிண்டர். அம்மா அழுவாள் என்று நினைத்தேன். "ஏட்டி, ஒன் சர்டிபிகேட் எல்லாம் நனைஞ்சு போச்சுட்டி. பாஸ்போர்ட்டும் போச்சு. பீரோல அடித்தட்டுல வச்சது என் தப்புதான். மேல வச்சிருக்கணும்" என்றாள்.

நான் குவஹாத்தியிலிருந்து சென்னைக்கு ஃபிளைட் பார்த்துவிட்டேன், பணம் கட்டுகிற பக்கம் வரை போய்விட்டேன். தம்பிதான், "அக்கா, இப்ப வராத. வந்தா படுக்கக்கூட எடம் கெடையாது, ரயிலும் இல்ல. நாங்க பாத்துக்கிடுதோம்" என்றான். நியாயமான பேச்சு. நான் அந்த நியாயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தை மூடினேன். நாலு நாள் கழித்து கோஹிமாவில் இருந்தேன், நாகாலாந்துக்குள் நுழைய வேண்டிய இன்னர் லைன் பெர்மிட் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, வீணாகிவிடுமே. கிறிஸ்துமஸுக்கு மலை முழுக்க நட்சத்திர விளக்கு. அந்தப் படங்களை இதுவரை யாருக்கும் காட்டவில்லை.

வீட்டில் சேறு அள்ளியது தம்பி மனைவி. அவள் டீச்சர். அரையாண்டு விடுமுறை முழுக்க எங்கள் வீட்டில் சேறு அள்ளி, அது பத்தாமல் எட்டு நாள் சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று லீவு போட்டிருக்கிறாள். என் சர்டிபிகேட்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நியூஸ் பேப்பருக்கு நடுவே வைத்து, கரண்ட் வந்த பிறகு மேலே துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் மெதுவாக ஒற்றி எடுத்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் போன் செய்தபோது "அங்க குளிரா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள். எத்தனை லட்சம் செலவாச்சு என்று பக்கத்து சீட்டுப் பெண் கேட்கும்போது நான் 418 நாளுக்கு 5,12,000 ரூபாய், நாளுக்கு ஆயிரத்து இருநூறு சொச்சம் என்று டக்கென்று சொல்லிவிடுகிறேன். அது என் பணம் மட்டும். தம்பி மனைவியின் எட்டு நாள் சம்பளமும், கிட்டத்தில் இருந்த ஒரே பிள்ளையாகத் தம்பி ஓடிய ஓட்டமும் அந்தக் கணக்கில் வரவில்லை. தனியாகச் சுற்றினேன் என்று இப்போதெல்லாம் நான் சொல்வதில்லை, நான் சுற்ற முடிந்ததற்கு நாலு பேர் நகராமல் இருந்தார்கள்.

அதற்கு அப்புறமும் பத்து மாதம் சுற்றினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும், குற்ற உணர்ச்சியெல்லாம் அவ்வளவு பலமான சாமான் இல்லை. காசியில் அனுமான் காட்டில் ஒரு மாதம். பாரதியார் தன் அத்தை வீட்டில் தங்கிப் படித்த தெரு, சந்துக்குள் திரும்பினால் திடீரென்று யாரோ தமிழில் பால்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். "காசிக்குப் போனா பிடிச்சது எதையாவது விட்டுட்டு வரணும்" என்று அம்மா போனில் சொன்னாள். சம்பளத்தை விட்டுவிட்டேன், போதாதா என்றேன். அம்மா சிரிக்கவில்லை. ஏப்ரல் 19ஆம் தேதி ஓட்டுப் போட வரவில்லை, அது ஜெர்மனிக் கதைக்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. அமிர்தசரஸில் பொற்கோவிலின் லங்கர் என்கிற அன்னதானக் கூடத்தில் பூண்டு உரித்தேன். அங்கே ரொட்டியை ஒரு கையால் வாங்கக் கூடாது, இரண்டு கையையும் சேர்த்து நீட்ட வேண்டும், நான் முதல் நாள் வலதுகையை மட்டும் நீட்டினேன், பரிமாறிய பெரியவர் ஒன்றும் சொல்லாமல் ரொட்டியோடு அப்படியே நின்றார், என் இடதுகை தானாக வந்து சேரும் வரைக்கும்.

ஜூலையில் இமாச்சலில் ரெக்காங் பியோ என்ற ஊரில் விடிகாலை பஸ் பிடித்து ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குப் போனேன். பாதையைப் பற்றிச் சொல்வதற்கில்லை, நான் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். தாபோவில் மண் சுவரால் கட்டிய பௌத்த மடம் இருக்கிறது, கி.பி. 996இல் தொடங்கியது, நம்ம தஞ்சாவூர் பெரிய கோவில் முடிந்ததற்குப் பதினாலு வருஷம் மூத்தது. வெளியே பார்த்தால் களிமண் குதிர் மாதிரி இருக்கிறது, உள்ளே டார்ச் அடித்தால் சுவர் முழுக்க ஓவியம். ஆனால் அங்கே நான் ஆறு வாரம் இருந்தது மடத்துக்காக இல்லை, பட்டாணிக்காக. ஸ்பிதியில் அதுதான் பணப் பயிர். மற்ற இடங்களில் பச்சைப் பட்டாணி இல்லாத கோடையில் அங்கே காய்க்கும், அதனால் நல்ல விலை. நான் தங்கிய வீட்டு வயலில் காலை ஆறு மணிக்குப் பறிக்க ஆரம்பித்தால் வெயில் ஏறும் வரை. காம்பைக் கிள்ளும்போது கொடியோடு வந்துவிடக் கூடாது, ஒரு கையால் தண்டைப் பிடித்து இன்னொரு கையால் கிள்ள வேண்டும், முதல் நாள் நான் பிடுங்கிய கொடிகளை வீட்டு அம்மா எண்ணிச் சொன்னார், பதினேழு. கூலி வேண்டாம், சாப்பாடு போடுங்கள் என்று பேச்சு. பறித்துக்கொண்டே உரித்துத் தின்போம். அம்மாவுக்கு போன் போட்டு, பச்சையாகவே தின்னலாம்மா, கரும்பு மாதிரி இனிக்கும் என்று சொன்னேன். "ஜெர்மனில பட்டாணியா வெளையும்?" என்றாள். அந்தப் பதினாலு மாதத்தில் அம்மா அடித்த ஒரே ஜோக்.

அக்டோபரில் ஜெய்சல்மேர் கோட்டையைப் பார்த்ததும் "சரி, இன்னொரு கோட்டை" என்று தோன்றியது. வெயிலில் பொன்னாக மின்னுகிற கோட்டை, அதைப் பார்த்து அப்படி நினைப்பவள் அங்கே நிற்கக் கூடாது. அன்றைக்கே டிக்கெட் பார்த்தேன். ஜோத்பூர் பகத் கி கோதியிலிருந்து மன்னார்குடி வரைக்கும் ஒரு ரயில் ஓடுகிறது, யார் அதில் போவார்கள் என்று நினைத்தால், தீபாவளி வியாபாரத்துக்குத் திரும்புகிற மார்வாடிக் குடும்பங்கள். எதிர் சீட்டு அம்மாவுக்குக் கும்பகோணத்தில் பாத்திரக் கடை. "எந்த ஊரும்மா, திருநெல்வேலியா? பேச்சிலயே தெரியுது" என்றார். எட்டு மாதத்துக்கு அப்புறம் நேரில் கேட்ட முதல் முழுத் தமிழ் வாக்கியம், காவிரிக்கரைத் தமிழ், சொன்னவர் பிறந்தது ராஜஸ்தானில் இருக்கிற பாலி.

வேலை கிடைக்க மூன்று மாதம் ஆனது. பழைய சம்பளத்தைவிடக் குறைவு. இன்டர்வியூவில் அந்தப் பதினாலு மாதத்துக்கு என்ன சொல்வது என்று விதவிதமாகப் பொய் தயார் செய்திருந்தேன், கடைசியில் ஊர் சுற்றினேன் என்று சொன்னேன். கேட்டவர் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தன் லடாக் பைக் பயணத் திட்டத்தைப் பத்து நிமிஷம் சொன்னார், ஆறு வருஷமாகத் திட்டமாகவே இருக்கிறதாம். சிக்கல் அப்புறம் வந்தது, சான்றிதழ் சரிபார்ப்பில். டிகிரி சர்டிபிகேட்டில் கால்வாசியில் பழுப்பாக ஒரு கோடு, தண்ணீர் நின்ற உயரம். முத்திரையின் ஊதா மை கசிந்து என் பெயர் மேல் ஏறியிருக்கிறது. "மேடம், இது ஒரிஜினலா?" என்று அந்தப் பையன் மூன்று தடவை கேட்டான். டூப்ளிகேட் விண்ணப்பிக்கலாம். இன்னும் விண்ணப்பிக்கவில்லை.

சாக்லேட் கதையை விட்டுவிட்டேனே. ஜெர்மனியிலிருந்து வருகிறவள் வெறுங்கையோடு வர முடியுமா? அம்மா போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். எழும்பூரில் இறங்கி நேராக பீச் ஸ்டேஷன் போய், பர்மா பஜாரில் மூன்று கிலோ சாக்லேட் வாங்கிக்கொண்டு ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினேன். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால். வீட்டுச் சுவரில் புது வெள்ளை அடித்திருந்தும் அந்தப் பழுப்புக் கோடு லேசாகத் தெரிந்தது, தொட்டுப் பார்த்தேன், என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. சாயந்திரம் தெருவில் வீடு வீடாகக் கொடுத்தோம். எவ்வளவு குளிர், எவ்வளவு சம்பளம், மாப்பிள்ளை அங்கேயே பார்த்தாச்சா என்றெல்லாம் கேட்டார்கள், நான் தலையை மட்டும் ஆட்டினேன், மீதியை அம்மா பார்த்துக்கொண்டாள், ரொம்ப நன்றாகவே.

கடைசியாக எதிர்வீட்டு அத்தை. வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாக்லேட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அப்போதுதான் கவனித்தேன், பின்பக்கம் பெரிய எழுத்தில் மலேசியா என்று இருந்தது. அத்தை ஒன்றும் சொல்லாமல் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டார். "நல்லா கறுத்துப் போய்ட்டியே தாயி" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அடுத்த தடவ போனா அந்தப் பச்சப் பட்டாணி ஒரு கிலோ கொண்டா, காய வச்சாவது. கரும்பு மாதிரி இனிக்குமாமே" என்றார்.

திரும்பி அம்மாவைப் பார்த்தேன். காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள். நாங்கள் காபி குடித்துப் பத்து நிமிஷம்தான் ஆகியிருந்தது.